நீல ஆட்டுக்குப் பேசியவளுக்கு

பெயிண்ட் டின்னைத் திறந்ததும் வாடை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், நீதான் கூடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்து, "சாப்பிட்டுட்டு வரையேன் பிள்ள" என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் இருந்தது என் மகன். உன் புருஷன்.

உனக்கு வருஷத் திவசம் முடிந்துவிட்டது. வருஷம் திரும்பும் வரை வீட்டுக்குச் சாயம் அடிக்கக் கூடாது என்று சும்மா இருந்தோம். இனி அந்தத் தடை இல்லை. தீபாவளிக்குள் கூடத்துச் சுவர் நாலும் வெள்ளையாக வேண்டும் என்கிறான். அதில் நீ வரைந்த சுவரும் ஒன்று.

"அத மட்டும் விட்டுருய்யா" என்றேன்.

"வேல முடிஞ்சு வந்து கதவத் தொறந்தா அதான்மா முன்னுக்கு நிக்குது. என்னால முடியல."

அவன் சொல்வதும் பொய்யில்லை. நான் யார் பக்கம் பேச?

கோலாலம்பூரில் கார்ட்டூன் கம்பெனியில் படம் வரைகிற பெண் என்று உன்னைக் கட்டிக்கொண்டு வந்தான். நீ வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "வரைய உக்காந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது அத்த" என்றாய். நான் சோறு போட்டேன்.

பிறகு அந்த ஜப்பான் படத்தை எனக்குக் காட்டினாய். கார்ட்டூன் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். அனிமே என்று சொல்லவேண்டும். பட்டணத்தில் வரைய வராமல் போன ஓவியன் ஒருவன் கடலோரக் கிராமத்துக்கு வருகிறான். அவன் காயப்போடுகிற படத்தையெல்லாம் ஓர் ஆடு தின்றுவிடுகிறது. ஆட்டுக்காரக் கிழவி அவனையே திட்டுகிறாள், அப்புறம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பேச்சு ஜப்பான் பாஷையில், கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷில். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்ற எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு குரல் வைத்துத் தமிழில் சொன்னாய். ஆட்டுக்கும்கூட ஒரு குரல் வைத்திருந்தாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"அவனுக்குத் திரும்ப வரைய வந்த மாதிரி எனக்கும் இங்க வந்துரும் பாருங்க அத்த" என்றாய். அப்போதே எனக்குப் பயம். நம் வீட்டைச் சுற்றி வரிசை வரிசையாக எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம்தான். கடலைப் பார்க்க கோலா சிலாங்கூர் வரைக்கும் பஸ் ஏறவேண்டும். காற்று திரும்பினால் ஆலை வாடை. அந்தக் கிராமத்து ஆட்கள் எந்நேரமும் ஓவியனைத் தேடி வருகிறார்கள். இங்கே விடிந்தால் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவோம், லயத்து வரிசை வீடுகளே காலி. வேலை முடிந்து வந்ததும் உன் முகத்தைப் பார்க்கப் பயந்து, முதலில் குப்பைக் கூடையைத்தான் பார்ப்பேன். கசக்கிப் போட்ட தாள் நிறைந்திருக்கும்.

கோயிலுக்கு வர்ணம் பூசி மிஞ்சிய டின்களை உனக்காகக் கேட்டு வாங்கி வந்தேன். கிருஷ்ணனுக்கு அடித்த நீலம், அம்மனுக்கு அடித்த மஞ்சள், தாமரைக்கு அடித்த ரோஸ். அவ்வளவுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. மறுநாள் நான் வரும்போது சுவரில் நம் வீட்டு ஆடு நீலமாக நின்றது. தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ரோஸ் கலரில் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் முகத்தோடு இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"சாமிக்கு வாங்குன பெயிண்ட ஆட்டுக்கு அடிக்கிறியே, கண்ணு போயிரும்டி!" என்று கத்திக்கொண்டே வந்தாள் அக்கா.

"ஆடுதான் கேட்டுச்சு லா, அக்கா."

அவள் சுவரிடம் குனிந்து பார்த்தாள். "ஏன்டி, என் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு? கொஞ்சம் கொறச்சு வுடு."

நீ குறைக்கவில்லை. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. டெங்கி என்றார்கள். அந்த ஜப்பான் படத்தில் கடைசிப் பாகம் மட்டும் பார்க்காமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகக் காரில் ஏறும்போது, "நீங்க தனியா பாத்துறாதீங்க அத்த" என்றாய். நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சுவர் வெள்ளையானது. நாலாவது சுவருக்கு முன்னால் உன் புருஷன் பிரஷ்ஷோடு நின்றான்.

"அந்தக் கடைசிப் பாகத்தப் போடுய்யா. நீ படிச்சுச் சொல்லு. அவ கதைய முடிச்சுட்டு அப்புறம் அழி" என்றேன்.

கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். பேப்பர் படிப்பது மாதிரி படித்தான். ஓவியன் பட்டணத்துக்குத் திரும்பப் படகுத்துறைக்கு வருகிறான். ஆடு அவன் டிக்கெட்டைத் தின்கிறது.

"ஆடு என்ன சொல்லுது?"

"ஆடு என்னம்மா சொல்லும்? மேன்னு கத்துது."

"சரி, கெழவி?"

"பாத்துப் போயிட்டு வான்னு சொல்றா."

"அம்புட்டுத்தானா? 'சோறு ஆறுது, ஒன் யோசனய அப்புறம் வச்சுக்க'ன்னு சொல்லுவாளே, எப்பவும்?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அது நீங்க சொல்றதும்மா."

பழைய பாகங்களைப் போட்டுப் படித்துக் காட்டினான். அந்தக் கிழவி அதிகம் பேசுகிறவளே இல்லை. சோற்றுப் பேச்சு, ஈயைத் திட்டுகிற பேச்சு, ஆலை வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற பேச்சு, எதுவும் அங்கே கிடையாது. எல்லாம் நான் உன்னிடம் பேசியது. என் பேச்சை எனக்கே சொல்லி என்னைச் சிரிக்க வைத்திருக்கிறாய் பிள்ள. இதை நான் சொன்னதும் உன் புருஷன் சிரித்தான். நீ போனபிறகு முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பிரஷ் டின் மேலேயே காய்ந்துபோனது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்முன், "அலமாரியத் தள்ளி மறச்சுருவோம்மா. அழிக்க வேணாம்" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். இப்போது கதவைத் திறந்தால் அலமாரிதான் தெரியும். அதைத் தனியாக நகர்த்த எனக்குப் பலமில்லை. அவன் போனபிறகு இடுக்கில் கையை விடுவேன். ஆட்டுக் கொம்புக்கு நீ சாயத்தைத் தடிப்பாக வைத்திருந்தாய். விரலுக்கு அந்த இடம் தெரியும்.

நேற்று அவன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். "சோறு ஆறுதுய்யா" என்று வந்தது, நீ கிழவிக்கு வைத்திருந்த அந்த இழுவைக் குரலில். எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் அலமாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.