மூன்றாவது முடிச்சு விழும்வரை

மச்சான்,

இன்று பல் பிடுங்கப் போனேன். வாய் விறைத்து, பஞ்சு அடைத்து, வைத்தியர் உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அங்கிருந்த ரேடியோவில் அந்த இங்கிலீஷ் பாட்டு வந்தது. கித்தார்கள் எல்லாம் சட்டென்று நின்றன. ஒரு மூச்சு விடுகிற அமைதி. பிறகு உன்னுடைய கெட்டிமேளம். வைத்தியர் காலால் தாளம் போட்டார். இந்த இடம்தான் தனக்குப் பிடிக்கும் என்று உதவிக்கு நின்ற பெண்ணிடம் சொன்னார். என் வாய் சும்மா கிடக்கிற வாய் இல்லை என்று உனக்குத் தெரியும். இன்று அது ஆவென்று திறந்திருந்தும் ஒரு சொல் வரவில்லை. அடிக்கிறவன் என்ர சினேகிதன் என்று சொல்ல வெளிக்கிட, எச்சில்தான் வடிந்தது. நோகிறதா என்று கேட்டார். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தப் பாட்டின் கதையை நீ எனக்குச் சொன்னது மணவறை ஏற்றிப்போகிற என் வான் வண்டிக்குள். சனிக்கிழமைகளில் நான் மணவறை கட்டுவேன், நீ தவில் அடிப்பாய். ஸ்காபரோவில் எத்தனையோ சோடிகளை இரண்டு பேருமாகச் சேர்த்துவைத்தோம். அன்றைக்கு வான் ரேடியோவில் இந்தப் பாட்டு வந்ததும் நீ கையை நீட்டி நிறுத்தினாய்.

"உது நான் அடிச்சது."

"ஓமோம். அதில பாடுறது நான்தான்."

நீ சிரிக்கவில்லை. நீ கனடாவுக்கு வரமுன்பு, லண்டனில் பெற்றோல் அடிக்கிற கடையில் வேலை செய்துகொண்டு கோயிலில் அடித்த காலம் அது. தேர்த் திருவிழாவில் உன் தவிலைக் கேட்ட வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன், தங்கள் பாட்டுக் குழுவுக்கு வந்து வாசிக்கச் சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறான். ஒரு கடைக்குக் கீழே, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய நிலவறை. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுபோகிற இடம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் எதைப் போடுவதென்று தெரியாமல் அவர்கள் நாட்கணக்காக முழித்தார்களாம். நீ சாமி புறப்பாட்டுக்கு அடிக்கிற மல்லாரியை அடித்தாய், இல்லையென்று தலையை ஆட்டினார்கள். கீர்த்தனைக்கு அடிக்கிறதை அடித்தாய், அதற்கும் இல்லையென்றார்கள். பதிவு செய்கிறவன் இரண்டு கையாலும் கூரை இடிந்து விழுகிற மாதிரிக் காட்டினான்.

"அவன் கேட்டது கெட்டிமேளம், மச்சான். ஆனால் தாலி ஏறாமல் நான் கெட்டிமேளம் அடிக்கமாட்டன்."

"பிறகு?"

"பாடுறவன்ர பெட்டை சோபாவில இருந்து ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கட்டு, அப்பதான் அடிப்பன் எண்டு கையால காட்டினன்."

நான் வானை ஓரமாக நிறுத்திவிட்டேன். சிரிப்பில் கண் தெரியவில்லை. பாடகன் சப்பாத்து நாடாவைக் கழற்றினானாம். காலில் கிடந்தது கழுத்துக்கு ஆகாது என்றாய். அறுந்து கிடந்த கித்தார்க் கம்பியை எடுத்தானாம். அறுந்தது ஆகாது, புதுசு வேண்டும் என்றாய். கடைசியில் கடதாசி உறைக்குள் இருந்து ஒரு புதுக் கம்பி எடுத்து, உன் சொல்லுக்கு மூன்று முடிச்சுப் போட அவன் குனிந்தான். நீ தொடங்கினாய். ஆனால் கம்பி நூல் மாதிரி முடிச்சு விழுமா? முதலாவது விழுந்தது. இரண்டாவது வழுக்கி வழுக்கி விழுந்தது. மூன்றாவதில் அவன் விரலைக் கிழித்துக்கொண்டு, தூஷணம் பேசிக்கொண்டு, இழுத்துக்கொண்டு நின்றான். நீ கழுத்தையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தாய்.

அதனால்தான் பாட்டில் அந்த இடம் அவ்வளவு நீளம். உலகம் முழுக்கப் பெடியள் அதைக் கேட்டுத் தலையைச் சிலுப்பினார்கள். நிறுத்தாமல் இழுத்த துணிச்சலைப் பத்திரிகைகள் புகழ்ந்ததாக என் மகள் சுபா வாசித்துச் சொன்னாள். துணிச்சலாவது மண்ணாவது! ஒரு வெள்ளைக்காரனுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை.

அது நீ அடித்ததுதான் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கையைக் காட்டினவன்தான், என்றாலும் உன் கெட்டிமேளம் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் ஐயர் கையைக் காட்டியதும் நிறுத்துவார்கள். நீ மூன்றாவது முடிச்சைக் கண்ணால் கண்டு, அதற்குப் பிறகு ஒரு அடி பிந்திப் போட்டு நிறுத்துவாய். பாட்டிலும் அந்தப் பிந்திய அடி கிடக்கிறது.

விஷயம் வெளியே போக, டோர்செட் பார்க் மாடிவீடுகளில் பெடியள் உன்னைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பெரிய ஆட்கள் சிலர், கெட்டிமேளத்தை வெள்ளைக்காரனுக்குக் கொண்டுபோய்க் குடுத்துவிட்டான் என்று கதைத்தார்கள். அது உன்னைச் சுடவில்லை. நீ பயந்தது வேறொன்றுக்கு. கேலியாகக் கட்டினாலும் உன் கணக்கில் அது தாலி. உன் மேளத்தில் ஏறிய தாலி எதுவும் இறங்கக்கூடாது.

அஜின்கோர்ட்டில் ஒரு கலியாணம், நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை மணவறையில் தனியே இருக்கிறார், பொம்பிளை இன்னும் உள்ளே சீலை மாற்றுகிறார். ஸ்பீக்கரைச் சரிபார்க்கவென்று ஒருவன் இந்தப் பாட்டைப் போட்டான். கெட்டிமேளம் கேட்டதும் கலியாண ஹோலில் அரைவாசிச் சனம் எழும்பி நின்று அட்சதை அறுகரிசியை அள்ளி வீசிவிட்டது. மாப்பிள்ளை தலையெல்லாம் அரிசியோடு முழிக்கிறார். ஐயர் கத்துகிறார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். உன் முகம் மட்டும் செத்துப்போயிற்று.

"இந்த அரிசி ஆருக்கு விழுந்தது, மச்சான்?"

"லண்டன் சோடிக்குத்தான். பாவங்கள், இவ்வளவு நாளும் அரிசி விழாமல் கிடந்த கலியாணமல்லோ!"

பகிடிக்குச் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். கொஞ்ச நாள் நிம்மதியாகத் திரிந்தாய். பிறகு சுபா ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்தாள். பாடகனும் அந்தப் பெண்ணும் பிரிந்துவிட்டார்களாம்.

"கழுத்தில கம்பி கிடக்கோ எண்டு போட்டிருக்கோ, பிள்ளை?"

"அங்கிள், அது வெறும் பாட்டு, ஜஸ்ட் எ சோங்!"

நீ தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனாய். அடுத்த சனிக்கிழமை உன் இடத்தில் வேறொருவர் இருந்தார்.

நான் உன்னை விடவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஆசை, சுபாவின் கலியாணத்துக்கு நீ அடிக்கவேண்டும். வீட்டுக்கு வந்து கெஞ்சினேன், நக்கலடித்தேன், கோபித்தேன்.

"நீ சேர்த்துவைச்ச சோடியள் எல்லாம் சந்தோசமாயோ இருக்குதுகள்? கீழ் வீட்டுச் சோடி பார்க்கிங் லொட்டில நிண்டு சண்டை பிடிக்குது."

"பிடிக்கட்டும். ஒண்டா நிண்டுதானே பிடிக்கினம்."

"அப்ப என்ர பிள்ளைக்கு ஏன் மாட்டாய்?"

"உன்ர பிள்ளை எண்டபடியால்தான். என்ர கையில ஒண்டு பிரிஞ்சு போச்சு. அந்தக் கையைச் சுபாவின்ர கழுத்துக்குக் கொண்டுவரமாட்டன்."

கெஞ்சுவதை நான் அன்றோடு விட்டேன்.

கலியாணத்தன்று பட்டுவேட்டியோடு வந்து விருந்தாளி மாதிரி முன்வரிசையில் இருந்தாய். ஒரு இளம் தவில்காரர் அடித்தார். நல்ல கை. ஐயர் ஓமத்துக்கு நெய்யை விட்டார், புகை கூரைக்குப் போயிற்று. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த அந்த நேரம் ஃபயர் அலாம் அலறத் தொடங்கியது. ஹோல்காரர் ஓடிவந்து எல்லாரையும் வெளியே போகச் சொல்கிறார். "கட்டுங்கோ, தம்பி, கட்டுங்கோ!" என்கிறார் ஐயர். இளம் தவில்காரர் அடிப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலும் காதில் விழக்கூடாது என்றுதானே மேளம்? என் பிள்ளையின் காதில் விழுந்தது அந்தப் பேய்ச் சத்தம். என் மனுசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நீ எப்போது மேடைக்கு வந்தாய் என்று நான் காணவில்லை. தவிலை வாங்கிக் கழுத்தில் போட்டாய். விரலுக்குக் கூடு மாட்ட நேரமில்லை. வெறும் விரலால் அடித்தாய். அலாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஹோல்காரர்கூட வாயைத் திறந்தபடி நின்றார்.

பிறகு எல்லாரும் பனிக்குள் நின்றோம். கூறைச் சீலையோடு சுபா, மேலே யாரோ ஒருவரின் ஜக்கெற். தீயணைப்பு வண்டி வந்தது. "கனடாவில இவ்வளவு பெரிய ஊர்வலம் ஆருக்குக் கிடைக்கும்?" என்று நான் ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். நீ தள்ளி நின்று விரல்களைப் பனியில் புதைத்து வைத்திருந்தாய். பனி சிவந்திருந்தது.

"காரியம் முடிஞ்சுது மச்சான். இனி நீ சனிக்கிழமைக்கு வரலாம்."

"மூண்டாவது முடிச்சை நான் காணேல்லை."

"விழுந்தது. நான் கண்டனான்."

"நீ கண்டனியோ? சத்தியமாய்?"

நானும் காணவில்லை. புகையும் கண்ணீரும். ஓம், சத்தியமாய் என்றேன். நீ விரல்களைத் திரும்பவும் பனிக்குள் விட்டாய். நம்பவில்லை.

அதற்குப் பிறகு நீ தவிலைத் தொடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் ஒரே கேள்வி: "ரெண்டு பேரும் ஒண்டாச் சாப்பிடுகினமோ?" நான் சிரித்துவிட்டு, மாப்பிள்ளை சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு நாலு பேர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பேன். இளவேனில் வந்தபோது, வேலைத்தளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டாய். அதற்கு முந்தின ஞாயிறும் கேட்டாய்தான்.

இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. யூனியன்வில்லில் நல்ல வீடு, நல்ல வேலை இரண்டு பேருக்கும். ஆனால் சுபா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியேதான் வருகிறாள். என் குசினிக்குள் நின்று தொலைபேசியில் மாப்பிள்ளையோடு சண்டை தொடங்குவாள். இங்கிலீஷில் தொடங்கி, கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வருவாள். தாலியை இறக்குகிற, சொல்லக்கூடாத ஒரு சொல் அவளுடைய வாய்க்கு வருகிறது, மச்சான். அது எனக்குக் கேட்டால் பரவாயில்லை. அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கக்கூடாது.

அப்போது நான் பெரிய சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்து, அகப்பையால் அடிக்கத் தொடங்கிவிடுவேன். எனக்குத் தாளம் தெரியாது. மனுசி தலையில் கையை வைக்கிறாள். "அப்பா, ஸ்டொப் இற்!" என்று சுபா கத்துகிறாள். சிலவேளை சிரித்துவிடுவாள், சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும். போன ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. தொலைபேசியைக் காதோடு பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எப்போது நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. அடித்துக்கொண்டே நின்றேன்.