நல்ல தண்ணி என்றால் என்ன, றொஹான்?

கொட்டாஞ்சேனை,
பாஸ்குப் பெருநாள் முடிந்த வாரம்.

அன்பு மகன் றொஹானுக்கு,

அப்பாவும் நானும் வழக்கம்போலச் சண்டை பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன், உன் மேல் கோபம் இருந்தும் கொளுத்தினேன். அப்பாவுக்குச் சீனி குறையவில்லை. குறையாது, சீனிச்சம்பல் பணிஸை ஒளித்து வைத்துச் சாப்பிடும் மனிதனுக்கு எந்த மருந்து வேலை செய்யும். ஒஸ்லோவுக்குப் படிக்க வரும் உன் மச்சாள் லவினாவிடம் வறுத்த கறித்தூளும் மாசிக் கருவாடும் கொடுத்துவிட்டிருக்கிறேன், இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது. இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் எடுத்தால் மீட்டிங்கில் நிற்கிறேன் என்கிறாய், குரல் பதிவாக அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டு எலி கத்துவது போலக் கேட்கிறாய் என்று நீயே சொன்னாய். இதை அப்படிக் கேட்க முடியாது, இருந்து வாசி.

மார்கழிப் புயலுக்குப் பிறகு கற்பிட்டிப் பக்கத்துக் கண்டல்முனைத் தீவுக்கு அவசரக் குடிநீர் மானியம் என்று உங்கள் நிதியம் கொடுத்ததே, அந்த வடிகட்டிப் பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து வரியில்லாமல் எடுத்துக் கொடுத்தது நான் வேலை செய்யும் கிளியரிங் கந்தோர்தான் என்பது உனக்குத் தெரியும். என் மகன் வேலை செய்யும் இடத்துச் சாமான் என்று கந்தோர் முழுவதும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பாஸ்கு லீவில் கோயில் பெண்களோடு அந்தத் தீவுக்கு அரிசி பருப்பு கொண்டு போனோம். அங்கே ஜவாஹிறா என்றொரு பெண், என் வயதுதான் இருக்கும், எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிளேன்டீ தந்தாள். ஒரு வாய் குடித்தேன், உப்பு. பாவம், அவசரத்தில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, காட்டிக்கொள்ளாமல் விழுங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "சீனிதான் போட்டீக்கி தாத்தா, உப்பு தண்ணிலயே ஈக்கி" என்றாள், அங்கே அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கு வடிகட்டி வந்ததே என்று கேட்டேன். அடுப்படி மூலையைக் காட்டினாள். நான் துறைமுகத்தில் எடுத்துக் கொடுத்த அதே நீலப் பெட்டி, அதற்குள் கருவாடு. மூடி நல்ல இறுக்கமாம், பூனை திறக்காதாம். பக்கத்து வீட்டு மீன்காரர் செபஸ்தியன் வாசலில் நின்று சொன்னார், "முந்தி ஊத்தை உப்புத் தண்ணி குடிச்சம் அக்கா, இப்ப சுத்தமான உப்புத் தண்ணி குடிக்கிறம், நாங்கள் முன்னேறிட்டம்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புயலன்று கடல் ஊருக்குள் ஏறி, இனிப்பாக இருந்த இரண்டு கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பள்ளிவாசல் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டியும் பிளந்துவிட்டது. அந்தத் தொட்டியைத் திருப்பிக் கட்டினால் மழை பெய்யும்போது பிடித்து வைக்கலாம், மழையில்லாத மாதங்களுக்கு ஒரு தண்ணீர்ப் படகு வேண்டும், ஊரார் கேட்டது அவ்வளவுதான். இப்போது கற்பிட்டியிலிருந்து தனியார் படகு பரலில் கொண்டுவந்து விற்கும் தண்ணீரைக் குழந்தைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் உப்பைக் குடிக்கிறார்கள். கச்சான் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தால் அந்தப் படகும் வராது. கச்சானுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அங்கே ஸீனத் என்று ஒரு பிள்ளை, ஜவாஹிறாவின் மருமகள், வயிற்றில் ஏழு மாதம், கால் இரண்டும் வீங்கிப்போய் இருக்கிறாள். உப்பைக் குறை என்று கிளினிக்கில் சொன்னார்களாம். எதில் குறைப்பது?

இனித்தான் உன் கதை. தொட்டி கேட்ட ஊருக்கு ஏன் வடிகட்டி வந்தது என்று கேட்டேன். ஜவாஹிறா என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள், வெளிநாட்டுப் பெரியவர்கள் போனில் முகம் காட்டிக் கதைத்தார்களாம், நடுவில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்த் தம்பி இருந்து மரியாதையாகக் கேட்டானாம், அவளும் "தண்ணி ஈக்கி மகன், நல்ல தண்ணிதான் இல்ல" என்றாளாம். அந்தத் தம்பியின் பெயர் றொஹானாம், கொட்டாஞ்சேனையாம். நீ அதை எப்படி மாற்றிச் சொன்னாய் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் இருக்கிறது, தரம்தான் நல்லதில்லை என்று சொல்லியிருப்பாய். அவர்களும் உடனே தரத்தைத் திருத்த வடிகட்டி அனுப்பிவிட்டார்கள். மகன், நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணீர். கிணற்றை நம்பி வாழும் கரையூர்களில் அதுதான் அதன் பெயர். பைப்பைத் திறந்து வளர்ந்த நமக்கு அது தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரியும். தெரியாதது குற்றமில்லை. நல்ல தண்ணி என்றால் என்ன தாத்தா என்று ஒரு கேள்வி கேட்காமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. உங்கள் எல்லாருக்கும் அப்படி என்ன அவசரம்? உப்பை அந்தப் பெட்டி எடுக்காது என்று தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது, அங்கே போய் ஒரு மிடறு குடித்துப் பார்க்க உங்களில் ஒருவனுக்கும் நேரமில்லை, ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி நடத்த மட்டும் நேரமிருந்தது. ஊர்ப் பெண்களை அங்கே கூட்டிப்போய் "அவசரக் குடிநீர்த் தாங்குதிறன்" என்று பெனர் கட்டிப் படம் எடுத்தீர்களாம். செபஸ்தியன் கேட்கிறார், "தாங்குறது நாங்கள், திறன் அவங்களுக்கோ?"

திரும்பி வந்து பம்பலப்பிட்டியில் இருக்கும் உங்கள் நிதியத்தின் கொழும்புக் கந்தோருக்குப் போனேன். குளிரூட்டிய அறையில் ஒரு பிள்ளை, லவினா வயதுதான், போத்தல் தண்ணீர் தந்து உபசரித்துச் சொன்னாள், "அன்ட்டி, அந்தத் தீவு முடிஞ்சுது. சக்ஸஸ் என்டு போட்டாச்சு, இனி அடுத்த கட்டத்தில அவங்கட பேர் வராது." உப்பைக் குடித்து முடிக்காத ஊரை முடிந்தது என்கிறாள். உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, இப்ப அதைக் கிளறினா என்ட கொன்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டாங்கள்." உன் பயம் எனக்கு விளங்குகிறது. இங்கே வேலையில்லாமல் நீ இருந்த வருடத்தை நானும்தான் பார்த்தேன். ஆனால் உன் வேலையையும் ஸீனத்தின் வயிற்றையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லி என்னிடம் கேட்காதே, எந்தப் பக்கம் தாழும் என்று உனக்குத் தெரியும்.

ஆகவே ஊரார் உங்கள் நிதியத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள், திரும்பவும் தீவுக்குப் போய் இங்கிலிஷில் அதை எழுதிக் கொடுத்தது நான். எங்கே சொல் பிழைத்தது, யார் வாயில் பிழைத்தது என்று ஒளிக்காமல் எழுதினேன். ஜவாஹிறா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மாட கையால புள்ளட பேர எழுதவாணா தாத்தா, தெரியாம நடந்தது" என்று அழுதாள். உப்பைக் குடிக்கிறவள் எனக்காக அழுகிறாள், அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருந்தால் நான் என்ன மனுஷி. எழுதிக் கீழே நானும் கையெழுத்து வைத்தேன். பெற்ற பிள்ளைக்கு எதிராகப் பெட்டிசம் போடுகிற ஒரே பெண் நீதான் என்று அப்பா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை.

லவினா செவ்வாய்க்கிழமை அங்கே இறங்குகிறாள். முறைப்பாட்டை நான் வெள்ளிக்கிழமை அனுப்புவேன். இடையில் இருக்கும் நாட்கள் உன்னுடையவை. நீயாகப் போய், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், அந்தத் தீவு முடியவில்லை என்று சொல்லிவிட்டாயானால் என் தாளுக்கு முன்னால் உன் வாய் போயிருக்கும். வேலை போனால் வீட்டுக்கு வா, உன் கட்டிலில் இன்னும் யாரும் படுக்கவில்லை. சொல்லாவிட்டாலும் வா, சோறு போடுவேன், ஆனால் அந்தத் தீவைப் பற்றி என் முன்னால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தடித்த காலுறை போடு, இரவில் சாப்பிடாமல் படுக்காதே, கந்தோருக்குப் போகும் முன் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு போ. மாதா உன் உடம்புக்குச் சுகமும் நாவுக்குத் துணிவும் தரட்டும்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கும்,
உன் அம்மா,
மரியகொறற்றி.