கடைசிச் சொல் விழுந்த இடம்

நெகேவ் பாலைவன முகாம்
2018 ஜூலை 3, செவ்வாய், மாலை 4.10
பயணிகள் இருபத்து மூன்று, ஆண்கள் பத்து

அம்மா,

நலம். யூதப் பிள்ளைகளுக்கு வேரைக் காட்டும் இலவசப் பயணம் என்றார்கள். இதுவரை காட்டியது பாறை, ஒட்டகம், மறுபடி பாறை.

என் கூடாரத்தில் ஆரோன் என்று ஒரு மால்மோ பையன். மார்ச்சில் அவன் அப்பா இறந்துவிட்டார். பதினொரு மாதம் தினமும் அவருக்காகக் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். இங்கே சரியாகப் பத்து. ஆட்களை எண்ணக் கூடாதாம். அதனால் பத்துச் சொல் வசனம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கிறான். கடைசிச் சொல் என்மேல் விழுகிறது: "என்றென்றும்."

"பொண்ணுங்க பதிமூணு பேர் நிக்கிறோம், கண்ணு தெரியலையா?" என்றாள் மிரியம்.

"எங்கப்பா பழைய ஆளு. அவருக்காகப் பொறுத்துக்கோ" என்றான் ஆரோன்.

பஸ் ஓட்டும் ஃபாரிஸ் ஒரு பெதூயின், இந்தப் பாலைவனத்து அரபு முஸ்லிம். "ஆள் குறைஞ்சா சொல்லுங்கப்பா, நான் யூதத் தொப்பி போட்டுக்கிறேன்" என்று கிண்டல் செய்கிறார்.

வெள்ளிக்கிழமை ஜெருசலேமில் எங்களுக்கு எபிரேயப் பெயர் வைக்கிறார்கள். அப்பா பெயரோடு அம்மாவின் எபிரேயப் பெயரும் வேண்டுமாம். நீ மதம் மாறியபோது வைத்த பெயர் என்ன? உடனே எழுது.

நாத்தான்


கோத்தன்பர்க்
ஜூலை 4, காலை

நாத்தான் கண்ணு,

இத்தனை நாள் கழித்து ஒரு மின்னஞ்சல். அதிலும் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி இல்லை. நீ வாசலிலேயே விட்டுப்போன சைக்கிளைக் கீழ்வீட்டுக்காரர் நனையாமல் எடுத்து வைத்தார்.

எனக்கு அந்தப் பெயர் இல்லை. மதம் மாறுவதற்காக யூத மதகுரு ராபியிடம் இரண்டு வருடம் படித்தேன். நீ வயிற்றில் வந்ததும் படுத்த படுக்கை, பாதியில் விட்டேன். யூத வழக்கப்படி ஏற்றும் வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் விடவில்லை. "பெரியவன் ஆகட்டும், சொல்லிக்கலாம் இங்கெர்" என்பார் உன் அப்பா. பிறகு சொல்வதற்கு அவர் இல்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா யூதர் என்றால் போதும் என்று பயணத்தை நடத்துபவர்கள் எழுதியிருந்தார்கள். அதனால்தான் வாய் திறக்காமல் அனுப்பினேன். அந்தப் பத்துப் பேர் கணக்குக்கு அது போதாது, தாய் யூதராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உன்னை அதில் நிறுத்துவார்கள் என்று நினைக்கவே இல்லை.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

அம்மா


நெகேவ்
2018 ஜூலை 4, புதன், மாலை 5.25
பயணிகள் இருபத்து மூன்று, கணக்கில் ஒன்பது

அம்மா,

நான் ரயில் சிக்னல் வேலை பார்ப்பவன். பாதை மூடியிருக்கும்போது விளக்கு பச்சை காட்டினால் அதற்கு ஒரே பெயர்தான்: பழுது. இருபத்து நான்கு வருடம் எனக்குப் பச்சை காட்டியிருக்கிறாய்.

விலகினால் ஆரோனின் கதீஷ் இன்று இல்லை. நின்றால் அவன் அப்பா முன்னால் நான் ஒரு பொய். கண்ணுக்கெட்டியவரை வெட்டவெளி, எனக்கோ பெட்டிக்குள் போட்டு மூடிய மாதிரி இருக்கிறது.

ஆரோன் தண்ணீரோடு வந்தான். "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? கடைசிச் சொல்லு உன்கிட்ட வந்தாத்தான் எனக்கு மூச்சே வருது. ஓடிடாத."

"வெயில்" என்றேன்.

ஃபாரிஸிடம் போய், பக்கத்தில் யூதர் யாராவது உண்டா என்று கேட்டேன்.

"ஆட்டுப் பண்ணைக் கிழவர் இருக்காரு. கூப்பிட்டா வருவாரு, வழி முழுக்கத் திட்டுவாரு. ஏன், ஆள் குறையுதா?"

"குறையுது."

இம்முறை தொப்பிக் கிண்டல் இல்லை. சாவியை எடுத்தார்.

இனி நான் செய்யப்போவது:

1. இருட்டுவதற்குள் கிழவரைக் கூட்டி வருவேன். திட்டை வாங்கிக்கொள்வேன்.

2. வசனம் தொடங்கும் முன் ஆரோனிடம் தனியாகச் சொல்வேன், ஏற்கெனவே பத்தாவது ஆளாக நான் நின்ற நாட்களையும் சேர்த்து. அடித்தால் அதையும் வாங்கிக்கொள்வேன்.

3. வெள்ளிக்கிழமை பெயர் வாங்க மாட்டேன்.

4. இன்று வரிசைக்கு வெளியே ஃபாரிஸ் பக்கத்தில் நிற்பேன். ஆமென் சொல்ல யாரும் கணக்கில் இருக்கத் தேவையில்லை. உரக்கச் சொல்வேன்.

5. அடுத்த வெள்ளி வீட்டில் இருப்பேன். கோபம் போயிருக்காது. நீ விளக்கு ஏற்று, பக்கத்தில் நிற்கிறேன்.