எட்டுக்கால் வேட்பாளர்

2 மார்ச் 2025, ஞாயிறு
எங்கள் அம்மன் கோவில் தலைவர் தேர்தலில் நிற்கிறேன் என்று கூட்டத்தில் அறிவித்தேன். பதினெட்டு வருடமாக முருகையா அண்ணன்தான் தலைவர். நாற்காலியே அவர் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. என் தகுதி? திருவிழாவுக்குக் கோவில் முழுக்க ஒயரிங் செய்தவன். செனாவாங் தொழிற்சாலையில் பட்டன் அழுத்துகிற எனக்கு இதுகூடத் தெரியாதா?

நான் பேசும்போதே, செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு குட்டிச் சிலந்தி நூலோடு மிதந்து வந்து முருகையா தலையில் இறங்கியது. துளிக் காற்றில்லை.

முருகையாவுக்கு எப்போதும் கைதூக்கும் பஞ்சாலை அக்கா கும்பிட்டுவிட்டார். "ஆத்தாவே ஆளக் காட்டிட்டா லா."

அந்த வழுக்கைதான் கிடைத்ததா அதற்கு?

3 மார்ச்
பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன்தான் இருக்கிறது. தலை — கலகம். அக்காவிடம் காட்டினேன். "அது நாலு காலுக்குப்பா. எட்டுக் காலுக்கு நல்லது."

5 மார்ச்
தேடிப் படித்துவிட்டேன். சிலந்தி இலை நுனியில் நின்று, பின்புறத்தைத் தூக்கி, நூலை விடுகிறது. காற்றில் எப்போதும் லேசாக மின்சாரம் உண்டாம். நூலிலும் இலையிலும் ஒரே வகை மின்சாரம். ஒன்றையொன்று தள்ள, ஐயா காற்றில்லாமலே விமானம் ஏறுகிறார். ஆத்தாவுக்கு இதில் வேலையே இல்லை.

9 மார்ச், ஞாயிறு
கூட்டத்தில் நீட்டி முழக்கினேன். "ஆக, சிலந்தியைத் தூக்கி வந்தது மின்சாரம்" என்று முடித்து, கைத்தட்டலுக்காக நின்றேன்.

பஞ்சாலை அக்கா எழுந்தார். "கோயில்ல கரண்டு லீக்காவுதுன்னு நீயே சொல்ற. ஒயரு இழுத்தது யாரு தம்பி?"

ஐயோ, அது வேற கரண்டுக்கா, இயற்கைக் கரண்டு — யார் கேட்டார்கள்? பிள்ளைகளைத் தூணிலிருந்து பிடித்து இழுத்தார்கள்.

"செக் பண்ணிருவோம்" என்றார் முருகையா, மகா பெருந்தன்மையாக.

10 மார்ச்
என் மனைவி தனலெட்சுமி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

12 மார்ச்
முருகையா அனுப்பிய வயர்மேன் குணாளன் வந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கோவில் கொட்டகையின் இரும்புத் தூணில் டெஸ்டரை வைத்தான். எரிந்தது.

ஈரச்சேலையோடு பெண்கள் சாய்ந்து நிற்கிற தூண்.

"எர்த் ஒயர் எங்கண்ணே?"

கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் அந்த ஒயரை மிச்ச ஒயர் என்று நினைத்து, சுருட்டி போர்டுக்குப் பின்னால் சொருகியிருந்தேன். அவன் எடுத்து மாட்டினான்.

"தலைவர்கிட்ட எல்லாம் ஓக்கேன்னு சொல்லிடுறேண்ணே. தேர்தல் வருதுல்ல."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

16 மார்ச், ஞாயிறு
முருகையாவை முன்மொழிய ஆள் கேட்டார்கள். பஞ்சாலை அக்கா எழுவதற்குள் நான் எழுந்தேன். ஏன் என்றார்கள். தூணைக் காட்டி, நான் மாட்டாமல் விட்ட எர்த் ஒயரைச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை.