டியூஷன் சார்

என்னங்க,

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

போன வாரம் எங்க மகளிர் கிளப்ல இருந்து அடி அண்ணாமலை கிராமத்து ஸ்கூலுக்குப் போனோம். யாராவது தப்பா தொட்டா உடனே பெரியவங்ககிட்ட சொல்லணும்னு பிள்ளைங்ககிட்ட பேசினேன். முடிஞ்சதும் ஆறாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு என் கையைப் பிடிச்சு, "டியூஷன் சாரைப் பத்திச் சொல்லலாமா ஆன்ட்டி?"ன்னு கேட்டா.

எந்த சார்னு கேட்டேன். உங்க தம்பி பேரைச் சொன்னா.

"உங்க குடும்பம், யோசிச்சுச் செய்ங்க"ன்னாங்க கிளப் தலைவி. அங்கேயே குழந்தைங்க உதவி நம்பர் 1098க்குப் போன் பண்ணிட்டேன். போலீஸ் வந்து உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொண்ணுக்கு டாக்டர், வக்கீல் எல்லாம் கிளப்தான் பார்த்துக்குது.

உங்கம்மா என்கிட்ட பேசறதில்ல.

நீங்க கூப்பிட்டா, முதல்ல அந்தக் குழந்தை எப்படி இருக்குன்னு கேளுங்க. மத்ததுக்கு அப்புறம் பதில் சொல்றேன்.

உங்கள் மனைவி