வண்டியின் நெற்றி

திண்டுக்கல்
6.10.2025

அன்புள்ள ரோசலின்,

மூக்காயிக்கு இடது கணுக்காலில் இரண்டு எலும்புகள் முறிந்திருக்கின்றன. எக்ஸ்ரேயைக் காட்டி நேற்று மாலை இதைச் சொன்னவர் எலும்பு மருத்துவர். மற்றவை நான் கேட்டு அறிந்தவை.

மூக்காயி வடமதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை மீண்டும் ஓடிய மூன்றாம் தேதி காலை ஏழு பத்துக்கு, நூல் கோன் பெட்டிகளைச் சுமந்து தானாக ஓடும் வண்டி அவர்மீது மோதியது. லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் கணித்து, ஆள் இருந்தால் மூன்று மீட்டருக்கு முன்பே நிற்க வேண்டிய வண்டி. அன்று நிற்கவில்லை. சென்சாரில் உங்கள் கம்பெனியின் பெயர் இருக்கிறது. திரும்பும் ஒளியை வாங்கும் ரிசீவர்தான் உன் வேலை என்று போன கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாய்.

தவறு மூக்காயியுடையது என்கிறது ஆலை. ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது அவர்தான். வண்டிக்கும் வைத்திருக்கிறார். மேஸ்திரி சின்னக்கண்ணு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டார்:

"ஏன் மூக்காயி, இம்புட்டு வருசமா பூட்டுக்குக்கூடப் பொட்டு வைக்கிற. அது உன்னய இடிச்சிச்சா?"

"பூட்டு நடந்து வராதுய்யா."

பிறகு மூக்காயி என்னிடம் சொன்னார்: "அதுக்குக் கண்ணு எங்கன்னு தெரியுது, நெத்தி எங்கன்னு தெரியல. கண்ணாடிக்கு மேல வச்சேன். கண்ணுலயா வைப்பாக?"

பாதுகாப்புக் கருவியைச் சேதப்படுத்தியதாக, வேலையைவிட்டு நீக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு பொட்டு வண்டியைக் குருடாக்குமா? அதை மட்டும் சொல். போனில் நான் நிருபராகிவிடுகிறேன் என்பாய். அதனால் கடிதம்.

ஷைனி

---

பெங்களூரு
14.10.2025

அன்பு ஷைனி,

நலமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நலம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு மேலே வைத்த பொட்டு அங்கேயே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நூல் அறாமலிருக்க ஆலைக்குள் நாள் முழுக்க ஈரப்புகை அடிப்பார்கள். அந்த ஈரத்தில் சந்தனம் கரைந்து கண்ணாடியில் வழிந்திருக்கும். திரும்பி வரும் ஒளியே கொஞ்சம்தான். அடர்ந்த நிறச் சேலை என்றால் அதிலும் கொஞ்சம்.

'கண்ணாடியைத் துடைத்துச் சுத்தமாக வைக்கவும்' என்று கையேட்டில் இருக்கிறது. கம்பெனியின் பதில் அதுதான். இப்போதைக்கு என் பதிலும் அதுதான். இதை அச்சில் பார்த்தால் என் வேலை போய்விடும்.

ரோசலின்

---

திண்டுக்கல்
20.10.2025

அன்புள்ள ரோசலின்,

அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததில் மகிழ்ச்சி. கேட்காதது என் தவறு.

சரிபார்த்தவை: அன்று மூக்காயி கட்டியிருந்தது ஆலை கொடுத்த கருநீலச் சீருடைச் சேலை. கையேடு ஆங்கிலத்தில், மேலாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தேன்.

வண்டியைப் பற்றிச் சின்னக்கண்ணு இன்னொன்று சொன்னார். "மே மாசம் வரைக்கும் பஞ்சு பறந்தாலே நின்டுருவான், ஊர்வலத்துல மாப்பிள்ளை வாரமாதிரி. பெங்களூர்லருந்து ஆளு வந்து பாத்துட்டுப் போச்சு. அப்பறம் ஒரே ஓட்டம்தான்."

இரண்டு கேள்விகள். ஒளி திரும்பி வராவிட்டால் வண்டி என்ன முடிவுக்கு வரும்? மே மாதம் வந்தது யார்?

நீ சரி என்னும்வரை உன் வார்த்தை எதுவும் அச்சேறாது.

ஷைனி

---

திண்டுக்கல்
10.11.2025

ரோசலின்,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. அங்கே யாரும் இல்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மூக்காயியின் மீதான விசாரணை டிசம்பர் 11. "ஒங்க கூட்டாளி ஏதும் சொன்னாகளா?" என்று நேற்றுக் கேட்டார். "எழுதிக்கிட்டு இருக்கா" என்றேன். உறுதி செய்யாத ஒன்றைச் சொன்னேன். முப்பது வருட வேலையில் அப்படிச் சொன்னதில்லை.

ஷைனி

---

பெங்களூரு
22.11.2025

அன்பு ஷைனி,

மே மாதம் வந்தது நான். உன் ஊருக்கு வந்தும் உன்னைப் பார்க்காமல் அன்றே திரும்பினேன். அதையும் சேர்த்து மறைத்தேன்.

வண்டி ஷிப்டுக்கு நாற்பது முறை நிற்கிறது என்று ஆலை புகார் செய்தது. பஞ்சுத் துகளில் பட்டு வரும் மெல்லிய ஒளியைப் பொருட்படுத்தாதே என்று ரிசீவர் ஏற்கும் குறைந்தபட்ச ஒளியளவை உயர்த்தினேன். ஒளியே வராவிட்டால் 'பாதை காலி' என்று எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். 'தெரியவில்லை, நில்' என்று வைத்திருக்க வேண்டும். பொட்டே இல்லாவிட்டாலும் பஞ்சு அப்பி ஒருநாள் இது நடந்திருக்கும்.

இங்கே சென்சாரின் மேல் சந்தனம் வைத்து ஈரப்புகை அடித்துப் பார்த்தேன். "என்ன, ஆபீஸிலேயே பூஜையா?" என்றார்கள். நாற்பது நிமிடத்தில் சந்தனம் வழிந்து கண்ணாடியை மூடியது. ஐந்து மீட்டரில் தொங்கவிட்ட கருநீலத் துணி சென்சாருக்கு இல்லாமல் போனது.

இந்த ஒரு மாதத்தில் நான் மாற்றி அமைத்த புதிய ரிசீவர் மெல்லிய ஒளியையும் பிடிக்கிறது. பலமுறை அனுப்பிப் பார்த்து, பறந்து போவது பஞ்சு, பாதையில் தொடர்ந்து தெரிவது ஆள் என்று பிரிக்கிறது. தன் கண்ணாடியின் உள்பக்கம் பட்டுத் திரும்பும் ஒளி மாறினால், அழுக்கு என்று அறிந்து நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி, கையெழுத்திட்டு, விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். நகல் கம்பெனிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. என் பெயரோடு அச்சில் போடு.

ரோசலின்

---

திண்டுக்கல்
30.11.2025, ஞாயிறு

அன்புள்ள ரோசி,

உன் அறிக்கை கிடைத்ததாக விசாரணை அதிகாரி வெள்ளிக்கிழமை என்னிடம் உறுதி செய்தார். நீக்கும் நோட்டீஸை நிறுத்திவைத்த கடிதம் மூக்காயி கையில் இருக்கிறது. படித்துப் பார்த்தேன்.

செய்தியை நான் எழுதவில்லை. நீ என் தோழி. எங்கள் பத்திரிகையின் நிருபர் ரஃபியிடம் கொடுத்துவிட்டேன். போன் செய்வான். எதையும் விடாமல் கேட்பான், பதில் சொல்.

மே மாதத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

இன்று காலை சர்ச்சில் பூசை முடிந்து போய், உன் அறிக்கையை மூக்காயிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "அந்தம்மாவே கையெழுத்துப் போட்ருக்காகளா?" என்றார். காகிதத்தை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு: "அப்ப வண்டிக்கு நெத்தி எங்கன்னு அவுகட்டயே கேட்டுச் சொல்லுங்க. அடுத்த பூசைக்குச் சரியா வைக்கணும்ல."

அவருக்குக் கட்டுப் பிரிப்பது 9-ம் தேதி. விசாரணை 11-ம் தேதி காலை பத்தரைக்கு. நீ நேரில் வருவாயா என்று அதிகாரி கேட்கிறார். வருவதானால் பத்தாம் தேதி மாலை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உன் கம்பெனி உன்னை என்ன செய்யும் என்பது தெரியவில்லை. அதற்கு இதுவரை யாரும் தேதி சொல்லவில்லை.

ஷைனி