செவ்வாய்க்கிழமை நான் பார்ப்பதில்லை

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இருப்பவளுக்குக் காய்ச்சல். மேலாளர் என்னை அங்கே உட்காரச் சொன்னார். "மருந்துக் கிடங்குக்கு யாரு சார்?" என்றேன். "ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது." சாயங்காலம் வரை எழ நேரமில்லை. கால் மரத்துவிட்டது. வேறு விசேஷமில்லை.

மார்ச் 4, புதன்

விசேஷம் இருந்திருக்கிறது. நேற்று கிடங்கின் பிரிட்ஜ் நின்றுபோயிருக்கிறது. இன்று காலை கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. இன்சுலின், தடுப்பூசி, மூன்று தட்டும் வீண். நல்லவேளை, எந்த நோயாளிக்கும் போட்டுவிடவில்லை.

பிரிட்ஜின் குளிர் அளவைத் தினம் இரண்டு வேளை பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நேற்றைய கட்டம் காலி.

"நடந்ததை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க, தலைமை ஆபீசுக்கு அனுப்பணும். அரைமணி நேரத்துல வேணும்" என்றார் மேலாளர். தெரிந்ததை வைத்து எழுதினேன். 'மேனேஜர் சென்ட்ஸ் மீ டு பில்லிங். ஐ டூ நாட் செக் தி பிரிட்ஜ் ஆன் டியூஸ்டே.' மேலாளர் என்னை பில்லுக்கு அனுப்பினார், செவ்வாய்க்கிழமை பிரிட்ஜைப் பார்க்கவில்லை. ஒளிக்காமல் உண்மையைச் சொல்லியாயிற்று.

மார்ச் 9, திங்கள்

கடிதம் வந்தது. மேலாளர் தமிழில் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். செவ்வாய்க்கிழமைகளில் பார்ப்பதில்லை என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேனாம். அப்படியானால் ஆறு வருடமாகப் புத்தகத்தில் இருக்கும் செவ்வாய்க்கிழமை அளவுகள் எல்லாம் பொய்யாம். பதினெட்டாம் தேதி விசாரணை. அதுவரை வேலைக்கு வர வேண்டாமாம்.

நான் எங்க அப்படி எழுதினேன்? பார்க்கலைன்னுதானே எழுதினேன்! ஆறு வருஷத்துல ஒரு நாள் — ஒரே ஒரு நாள் — பார்க்காம எழுதியிருப்பேனா? வாயைத் திறக்காம நின்னுட்டு வந்துட்டேனே, எனக்கு என்ன வந்துச்சு?

மார்ச் 10, செவ்வாய்

மணி ஒன்பது. இப்போது யார் பார்த்திருப்பார்கள்?

மார்ச் 11, புதன்

"தங்கச்சிகிட்ட ஒரு தடவை காட்டேன்" என்றார் இவர். என் நாத்தனார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவளோடு பேச்சு நின்று இரண்டு வருடம். என் அம்மா இறந்தபோது அவள் வரவில்லை. பரீட்சை நேரம் என்று அண்ணனிடம் சொன்னாளாம். எனக்கு ஒரு போன்கூட இல்லை.

"செத்தாலும் அவகிட்ட போக மாட்டேன்" என்றேன்.

"செத்தா எங்கேயும் போக முடியாது. இப்பவே போயிடு."

சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவும் அவர்மேல் கோபம்.

மார்ச் 14, சனி

போனேன். சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள். ஒரு நாற்காலியைக் காலி செய்து உட்காரச் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்ததன் நகலைப் படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது.

"அண்ணி, இது நடந்து முடிஞ்சதைச் சொல்ற வாக்கியம் இல்ல. பழக்கத்தைச் சொல்றது. 'ஐ டிரிங்க் காபி'ன்னா எனக்குக் காபி குடிக்கிற பழக்கம் உண்டுன்னு அர்த்தம். சூரியன் கிழக்கே உதிக்குதுன்னு சொல்றோமே, அந்த மாதிரி. நீங்க எழுதினதைப் படிக்கிறவங்களுக்கு, செவ்வாய்க்கிழமைன்னா நீங்க பிரிட்ஜ் பக்கமே போறதில்லைன்னு படும்."

"பின்ன எப்படி எழுதணும்?"

"டூ நாட் இல்ல, டிட் நாட்."

அவ்வளவுதானா! பார்க்கவில்லை, பார்ப்பதில்லை. தமிழில் சின்னக் குழந்தைகூட இதில் தடுமாறாது. ஒரு சொல்லில் என் ஆறு வருடம் தொங்குகிறது.

"எனக்கு எல்லாமே இப்படித்தான் எழுத வரும்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாமேவா? வேற என்னென்ன எழுதியிருக்கீங்க?"

லீவ் லெட்டர்கள். ஒன்றுவிடாமல் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

அவளே வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் அவள் செருப்பு.

லீவ் லெட்டர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தாள். 'மை ஹஸ்பண்ட் ஃபால்ஸ் ஃப்ரம் சைக்கிள்.' "என்ன அண்ணா, தினமும் சைக்கிள்லேருந்து விழறியாமே?" இவர், "உங்க அண்ணிக்கு வாக்கப்பட்டவன் விழாம இருக்க முடியுமா?" என்றார். மூவரும் சிரித்தோம்.

அடுத்த தாளில் அவள் சிரிப்பு நின்றது. 'மை மதர் டைஸ் ஆன் ஃபிரைடே. ஐ டூ நாட் கம் டு ஆபீஸ்.' வெள்ளிக்கிழமை என் அம்மா இறந்துவிட்டார், வேலைக்கு வரவில்லை என்று எழுதியது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நான் வந்திருக்கணும் அண்ணி."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காபி போடப் போனேன். அவளும் பின்னாலேயே அடுக்களைக்கு வந்து நின்றாள்.

மார்ச் 18, புதன்

முடிந்தது. இன்றே எழுதிவிட வேண்டும்.

தலைமை ஆபீசிலிருந்து வந்து விசாரித்த அம்மாள், நான் நீட்டிய லீவ் லெட்டர்களை நிதானமாகப் படித்தார். "எல்லாமே இப்படித்தானா?" என்று கேட்டார். "எனக்கு வேற மாதிரி வராது மேடம்" என்றேன். அம்மாவைப் பற்றிய வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். மேலாளர் பக்கம் திரும்பினார்.

"இவங்க எழுத்தை அப்படியே எடுத்துக்கிட்டா, இவங்க அம்மா வாராவாரம் வெள்ளிக்கிழமை இறந்துட்டிருக்கணும். உங்களைப் பத்தியும் எழுதியிருக்காங்க, மேனேஜர் சென்ட்ஸ் மீ டு பில்லிங்னு. நீங்க தினமும் இவங்களை பில் கவுண்டருக்கு அனுப்புறீங்களா?"

"ஐயையோ இல்ல மேடம், அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான்!"

சொன்ன பிறகுதான் தான் ஒப்புக்கொண்டது என்னவென்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்தார்.

"அன்னிக்குக் கிடங்குக்கு மாற்று ஆள் போட்டீங்களா?"

கைக்குட்டை நெற்றிக்குப் போனது. அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

வெளியே பெஞ்சில் நாத்தனார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்ததில் தாளெல்லாம் கீழே. தலையை ஆட்டினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து தாள் பொறுக்கினோம். பொறுக்கப் பொறுக்க அழுகை, நடுநடுவே சிரிப்பு. போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ! நினைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 19, வியாழன்

பகல் முழுக்கத் தூங்கினேன். எழுந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

கிடங்கில் புதுப் பிரிட்ஜ். குளிர் குறைந்தால் கத்துமாம். கத்தட்டும், நானும் பார்ப்பேன்.

தலைமை ஆபீஸ் கடிதத்தில் ஒரு வரி: 'ஷி செக்ஸ் தி பிரிட்ஜ் எவ்ரி டே.' போனில் நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். "இதுவும் பழக்கத்தைச் சொல்றதுதான் அண்ணி. தினமும் பாக்கறவங்கன்னு எழுதியிருக்காங்க" என்றாள். போனை வைத்த பிறகு அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தேன்.

மேலாளர் இன்று இரண்டு தடவை "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனாள். டிவி சத்தத்தைக் குறைத்தேன். சாயங்காலம்தான் கிளம்பினாள்.

போன பிறகு பார்த்தால் மூக்குக் கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது. பதறிப்போய் போன் செய்தேன், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வாள்?

"வீட்ல இன்னொண்ணு இருக்கு அண்ணி. அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.